மாப்பிள்ளைக்கு ஆஸ்பராகஸ் விருந்து

மே 9, வெள்ளி

இந்த வீட்டில் மின்விசிறி கிடையாது. விசிறிச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவனை விசிறி இல்லாத வீட்டில் கொண்டுவந்து படுக்கப் போட்டால் என்ன செய்வான்? படுக்கிறேன், எழுகிறேன், ஜன்னல் வரை போகிறேன், திரும்பி வந்து படுக்கிறேன்.

ஜெர்மனிக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. மகள் செண்பகவல்லி காலையில் ஆபீசுக்குப் போனால் சாயங்காலம்தான் வருகிறாள். அதுவரை நானும் இந்த நோட்டும்தான். மனைவி லோகநாயகி வந்திருந்தால் பேச்சுத் துணை இருந்திருக்கும். அவளுக்குக் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போவதற்கே கையில் எலுமிச்சம்பழம் வேண்டும். விமானத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். என்னை அனுப்பும்போது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மட்டும் வரச் சொன்னாள். பொங்கலுக்குப் பிறகு மாப்பிள்ளை வீடியோவில் முகம் காட்டவில்லை என்பது அவளுடைய அரிப்பு.

மாப்பிள்ளை கதிரேசன் மியூனிக்கில் ப்ராஜெக்டில் இருக்கிறார். விமான நிலையத்திலேயே செண்பகம் சொல்லிவிட்டாள், நான் கேட்பதற்கு முன்பாகவே. செருப்பு அலமாரியில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒன்றுகூட இல்லை. ப்ராஜெக்ட் பெரியது போலிருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மே 10, சனி

இன்று மானம் போனது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

செண்பகம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். தெரு முடிந்ததும் வயல். வரப்பு வரப்பாக மண்ணைக் குவித்துப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் ஒரு மரக் கொட்டகை, உள்ளே தடித்த ஓர் அம்மா. எதிரே பலகையில் வெள்ளைத் தண்டுகள், கட்டைவிரல் தடிமனில் குவிந்து கிடந்தன. நம் ஊரில் ஆஸ்பராகஸ் என்று ஓட்டல் அட்டையில் போடுகிறார்களே, அதுதான். ஊரில் பச்சை, இங்கே வெள்ளை. மண்ணுக்குள்ளேயே வளரவிட்டு வெயில் படாமல் எடுக்கிறார்கள்.

கோவில்பட்டி மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் வெண்டைக்காய்க்காரர்கள் சாக்கை இழுத்து மூடுவார்கள். நுனியை ஒடித்துப் பார்க்காமல் ஒரு காய் என் பைக்குள் போனது கிடையாது. டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். பழக்கம் விடுமா? ஒன்றை எடுத்து நுனியை ஒடித்தேன். அழகாக ஒடிந்தது. அடுத்தது. அதுவும் அழகு. நல்ல சரக்குதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே ஏழெட்டை ஒடித்து ஒருபக்கமாக அடுக்கிவிட்டேன். வேறு யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மா அப்போதுதான் திரும்பினாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் தமிழில் கத்தியிருப்பேன். தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். செண்பகத்துக்குப் போன் போட்டேன். அவள் வீட்டுச் செருப்போடு சைக்கிளில் வந்து சேர்ந்தாள். இருவரும் பேசியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்தக் காயின் ருசியெல்லாம் தலையில்தான் இருக்கிறதாம். நான் ஒடித்துக் கீழே போட்டதெல்லாம் தலை.

குவியல் முழுவதையும் செண்பகம் வாங்கிக்கொண்டாள். புறப்படும்போது அந்த அம்மா என்னைக் கைகாட்டி நிறுத்தினாள். இரண்டு தண்டுகளை எடுத்து என் காதருகே கொண்டுவந்து ஒன்றோடொன்று உரசினாள். கீச்சென்று சத்தம் வந்தது. சத்தம் வந்தால் புதுசு, இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று செண்பகம் மொழிபெயர்த்தாள். சத்தத்தைக் கேட்டுக் காய் வாங்குகிற ஊர்! ஒடிப்பவனுக்கு இங்கே என்ன வேலை?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செண்பகம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

மே 11, ஞாயிறு

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக இன்று சமையல் நான். செண்பகம் எழுவதற்கு முன்பே லோகநாயகியை வீடியோவில் பிடித்தேன். அவள் தண்டுகளைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பீன்ஸ் மாதிரி நறுக்கித் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்யச் சொன்னாள். அப்படியே செய்தேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. வாயில் போட்டால் நார். முருங்கைக்காய் என்றால் சக்கையைத் துப்பலாம், இது துப்பவும் தெரியாமல் விழுங்கவும் முடியாமல் பல்லிடுக்கில் நின்றது. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு மென்று மென்று துப்பினோம்.

தோல் சீவவில்லையா என்று கேட்டாள். இதற்குத் தோல் இருக்கிறதென்று யார் கண்டது? மீதியை எடுத்து அவளே செய்து காட்டினாள். தண்டைப் பலகையில் படுக்க வைக்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்தால் ஒடிந்துவிடும். தலைக்குக் கீழே இரண்டு விரல் விட்டு, அங்கிருந்து அடிவரை சீவ வேண்டும். மேலே மெல்லிசாக, அடியில் அழுத்தமாக. அடிக்கட்டையை வெட்டி எறிய வேண்டும். தண்ணீரில் உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் கொஞ்சம் வெண்ணெயும். முள்கரண்டியால் நடுவில் தூக்கினால் இரண்டு முனையும் லேசாகத் தொங்க வேண்டும், அதுதான் பதம்.

இதற்கென்றே உயரமான ஒரு பாத்திரம் இருக்கிறது, உள்ளே கூடையோடு. தண்டுகள் அதில் நின்றபடி வேகும். அலமாரியின் மேல்தட்டில் எட்டாத இடத்தில் இருந்தது. நாற்காலி போட்டு நான்தான் எடுத்தேன். கைநிறையத் தூசி. போன சீசனில் எடுக்கவில்லை என்றாள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்க வந்தேன், தும்மல் வந்துவிட்டது.

மே 12, திங்கள்

காலையில் மூத்திரத்தில் ஒரு வாடை. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

சர்க்கரை பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் கிட்னியா? எங்கள் ஆபீசில் போர்மேன் ஒருவருக்கு இப்படித்தான் வாடையில் ஆரம்பித்தது. அன்னிய தேசத்தில் எனக்கு ஒன்று ஆகிவிட்டால் பெட்டியில் போட்டுத்தான் அனுப்புவார்கள். லோகநாயகி அந்தப் பெட்டியை வாங்கத் திருவனந்தபுரத்துக்கு வர வேண்டும், அதுவும் பஸ்ஸில். மதியம் முழுவதும் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார்.

சாயங்காலம் லோகநாயகி கூப்பிட்டாள். மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்றாள். மியூனிக்கில் இருக்கிறார் என்றேன். என்னிடம் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன், அது பொய்யாகாது. அவரிடம் போனிலாவது பேசினீர்களா என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 15, வியாழன்

வாடை போய்விட்டது. முருகா.

மே 17, சனி

நேற்று இரவு சாப்பாட்டுக்கு மறுபடியும் ஆஸ்பராகஸ். இந்த ஊர்க்காரர்கள் சீவிய தோலைக்கூட விடுவதில்லை, அதை வேகவைத்துச் சூப் வைக்கிறார்களாம். அந்தத் தண்ணீரில் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு நான் ரசம் வைத்தேன். பருப்பே இல்லாமல் ஒரு தித்திப்பு இருந்தது. செண்பகம் டம்ளரில் ஊற்றி இரண்டு தடவை குடித்தாள்.

இன்று காலையில் மறுபடியும் அதே வாடை.

இனி மறைக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். மகளிடம் இதை எப்படிச் சொல்வது? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எனக்குக் கிட்னி போய்விட்டது என்று நினைக்கிறேன், அம்மாவிடம் பக்குவமாகச் சொல், என்றேன். பதறிப்போய் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினால் சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன். ஆஸ்பராகஸ் சாப்பிட்டால் அப்படித்தான் வாடை அடிக்குமாம். இதை முன்கூட்டியே சொல்லக் கூடாதா?

"கதிரும் இப்படித்தாம்ப்பா பயந்தாரு. வந்த புதுசுல. ஆஸ்பத்திரிக்கே போயிட்டாரு. டாக்டரம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே... அந்த வருஷமெல்லாம் நல்லா இருந்தோம்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். சிரிப்பும் நின்றது. அடுப்பில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இன்று குளிர் கொஞ்சம் குறைவு. மதியம் வெயில் அடித்தது.

மே 19, திங்கள்

இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போனேன், வந்தேன், மறுபடியும் போனேன்.

மே 20, செவ்வாய்

லோகநாயகி இன்றைக்குக் குரலை உயர்த்தினாள். அங்கே இருந்துகொண்டு என்ன செய்கிறீர்கள் என்றாள். நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். மகள் வீட்டுக்கு மாமனார் வந்து இத்தனை நாள் ஆகியும் மாப்பிள்ளை ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடவில்லை என்றால் அது என் தரப்புக் குறையும்தான். கல்யாணமான புதிதில் மறுவீட்டு விருந்துக்கு என்ன பாடுபட்டோம்! வயிறு நிறைந்தால் பாதிக் கோபம் போகும். யாருக்கு யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

செண்பகம் ஆபீஸ் போனதும் மாப்பிள்ளைக்கு நானே போன் செய்தேன். எடுத்தார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வர வேண்டும், நானே சமைக்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, செண்பகத்திடம் கேட்டீர்களா என்றார். என் மாப்பிள்ளையை நான் கூப்பிட மகளிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். சரி மாமா, வருகிறேன் என்றார். விருந்து விஷயத்தை லோகநாயகிக்கும் சொல்லிவிட்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் டிராம் மணி கேட்டது, கூடவே ஒரு பெண் குரல் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னது. தினமும் நம் தெருமுனையில் கேட்கிற அதே பெயர். மியூனிக்கிலும் அதே பெயரில் ஒரு நிறுத்தம் இருக்கலாம். நம் ஊரில் காந்தி சிலை இல்லாத இடமா இருக்கிறது?

மே 23, வெள்ளி

கொட்டகைக்குப் போனேன். தூரத்தில் என்னைக் கண்டதும் அந்த அம்மா பலகையின் குறுக்கே கையை நீட்டி மறித்தாள். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். பிறகு இரண்டு தண்டுகளை எடுத்து அவள் காதருகே உரசினேன். கீச். அவள் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கென்று கொண்டுவந்த கடலைமிட்டாயில் ஒரு பொட்டலத்தை அவளுக்குக் கொடுத்தேன். அங்கேயே பிரித்துக் கடித்தாள். பல் பலமான பல்.

தண்டுகளை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளைக்கு எடுத்துப் பார்த்தால் எதற்கு இவ்வளவு என்று செண்பகம் கேட்பாள். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

மே 24, சனி

கேட்டாள். சொன்னேன்.

அவள் முகம் போன போக்கை எழுத வரவில்லை. கையிலிருந்த ஈரத்துணிப் பொதியை மேசையில் வைத்தாள்.

"யாரக் கேட்டுக் கூப்பிட்டிய?"

மாப்பிள்ளையைக் கூப்பிட யாரைக் கேட்க வேண்டும் என்று போனில் சொன்னதையே மறுபடியும் சொன்னேன். போனில் சொன்னபோது நன்றாக இருந்தது. இப்போது எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

அப்புறம் அவள் சொல்லிவிட்டாள். மியூனிக் இல்லை, ப்ராஜெக்ட் இல்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். தை மாதத்திலிருந்து. அவர் விட்டுவிட்டுப் போகவில்லை, இவள்தான் போகச் சொன்னாளாம். அதை அவள் இரண்டு தடவை சொன்னாள், எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்தோ என்னவோ.

அடித்தாரா என்று மனதுக்குள் கேட்டேன். குடியா என்று மனதுக்குள் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். அதெல்லாம் இல்லையாம். பேச மாட்டாராம். ஒரு வார்த்தை பிடிக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொள்வாராம். நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். ஒரே மேசையில் சாப்பிடுவார், ஒரே வீட்டில் தூங்குவார், இவள் பக்கம் முகம் திரும்பாது. போன வருஷம் ஆஸ்பராகஸ் சீசன் தொடங்கியபோது மூடிய வாய், அது முடிந்து பிளம்ஸ் பழம் வந்தபிறகுதான் திறந்ததாம். என்ன கோபம் என்று இன்றுவரை இவளுக்குத் தெரியாது.

பேசாமல் இருப்பதெல்லாம் ஒரு குற்றமா? நானும்தான் வீட்டில் அதிகம் பேசுவதில்லை, லோகநாயகி என்ன பிரிந்தா போய்விட்டாள்? இதை நான் வெளியே சொல்லவில்லை. பேசாமல் தண்டுகளைத் துணியில் மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது கேளுங்களேம்ப்பா" என்றாள். "வந்த நாள்லேர்ந்து பாக்குதேன். செருப்பு ஸ்டாண்டப் பாக்குதிய, பாத்திரத்துத் தூசியப் பாக்குதிய, ராத்திரி எந்திச்சு நடக்குதிய. என்னட்டி ஆச்சுன்னு ஒரு வார்த்த கேக்கல. பேசாத ஆம்பளையோட உக்காந்து சாப்புட்டுச் சாப்புட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

நாளைக்கு அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கேட்க வேண்டியது அது இல்லை என்று கேட்கும்போதே தெரிந்தது.

"கூப்பிட்டாச்சுல்லா, வரட்டும். நீங்களே சமைங்க, நீங்களே பரிமாறுங்க. பாத்துக்கிடுங்க."

மே 25, ஞாயிறு, காலை

தோல் சீவுகிறேன். ஒன்றுகூட ஒடியவில்லை. தலைக்குக் கீழே இரண்டு விரல், மேலே மெல்லிசு, அடியில் அழுத்தம். கை பழகிவிட்டது. சீவிய தோல் ரசத்துக்கு வேகிறது. உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்தாகிவிட்டது. இந்த ஊரில் இதன்மேல் ஊற்றுகிற முட்டைச் சாறு நமக்கு ஆகாது. வெண்ணெயை உருக்கி மிளகுப்பொடியும் எலுமிச்சையும் சேர்த்துத் தண்டின்மேல் ஊற்றப் போகிறேன். செண்பகம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

விருந்து ருசித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னமும் ஒரு மூலையில் நம்புகிறேன். எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தவில்லை.

அதே நாள், மாலை

வந்தார். சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் எனக்கு ஒரு சால்வை, லோகநாயகிக்கு ஒரு சாக்லேட் பெட்டி. செருப்பைக் கழற்றி அலமாரியில் வைக்கப் போனவர் என்ன நினைத்தாரோ, எடுத்து வாசலிலேயே வைத்தார். இளைத்திருந்தார். எப்படி இருக்கீங்க மாமா, பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தார். பயணம் சௌகரியமாக இருந்ததா என்றார். பேசாத மனுஷன் என்று யார் சொன்னது? பேச்சு நன்றாகத்தான் வந்தது. செண்பகம் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

நான் பரிமாறினேன். தண்டுகள் தட்டில் தலை முழுசாகப் படுத்திருந்தன. மாப்பிள்ளை ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டார்.

நல்லா வெந்திருக்கு, நாரே இல்லை என்றார். எனக்கு மனம் பூரித்துப்போனது, மறைப்பானேன்.

இன்னும் உருளைக்கிழங்கு வைக்கவா என்று செண்பகம் அவரைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்து, போதும் மாமா என்றார். நான் செண்பகத்திடம் போதுமாம் என்றேன். அத்தைக்கு முட்டுவலி தேவலையா என்று அவள் கேட்டாள். அம்மா இப்ப நடக்காங்க மாமா, என்றார் என்னிடம். நடக்காங்களாம், என்றேன் அவளிடம். மூன்றாவது தடவை அவள் வெண்ணெய் வேண்டுமா என்று கேட்டு, அவர் என்னிடம் வேண்டாம் என்று சொல்லி, நான் அதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் என் குரலே எனக்குக் கேட்டது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அறுந்த லைனின் இரண்டு முனையையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். சர்வீசில் இருந்தபோது எவனாவது அப்படி நின்றிருந்தால் சஸ்பெண்ட் செய்திருப்பேன்.

செண்பகம் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கதிர், ஒரே ஒரு தடவ என்னயப் பாத்துப் பதில் சொல்லுங்க. வேண்டாம்னாகூடப் போதும்."

அவர் தண்டை வெட்டினார். சின்னச் சின்னதாக, ஒரே அளவாக வெட்டினார். காது மட்டும் சிவந்தது.

"மாமா, கொஞ்சம் ரசம் ஊத்துங்களேன்" என்றார்.

கரண்டி என் கையில்தான் இருந்தது. ஊற்றியிருப்பேன். என் கை பாத்திரத்துக்குள் போய்விட்டது. அப்போது செண்பகம் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கரண்டியை ரசத்திலேயே விட்டேன். பாத்திரத்தைத் தூக்கி அவள் பக்கத்தில் வைத்தேன்.

"மாப்ள, ரசம் அவகிட்ட இருக்கு. அவகிட்டக் கேளுங்க."

அவர் ரசத்தைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. அவருக்கு ரசம் பிடிக்கும், கல்யாணத்தன்றே கையில் வாங்கிக் குடித்த ஆள். இப்போது கேட்டுவிடுவார் என்று காத்திருந்தேன். கேட்டுவிடேன் ஐயா, ஒரே வார்த்தைதானே, என்று நெஞ்சுக்குள் மன்றாடினேன். ஆவி அடங்கியது. அவர் தட்டில் இருந்ததைச் சுத்தமாகச் சாப்பிட்டு முடித்து எழுந்தார். சாப்பாடு நல்லா இருந்தது மாமா, நேரமாச்சு, என்றார்.

வாசலில் அவர் செருப்பைக் கால் மாற்றி மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டியதைப் பார்த்தேன். அவரும் கெட்டவர் இல்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஒரு கரண்டி ரசத்தைக் கேட்க முடியாமல் எழுந்து போகிற மனுஷன் எவ்வளவு கஷ்டப்படுகிறானோ. அதற்காக என் மகள் ஆயுசெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது.

நான் கதவைச் சாத்தியதுமே லோகநாயகி கூப்பிட்டாள். விருந்தைப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளையைக் காட்டுங்கள் என்றாள். அவர் போய்விட்டார் என்றேன். எங்கே என்றாள். அவருடைய அறைக்கு என்றேன். இரண்டு பேரும் தை மாதத்திலிருந்து தனித்தனியாக இருக்கிறார்கள் என்றும், போகச் சொன்னது நம் பெண்தான் என்றும், சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை. அழுகைக்கு நடுவே, ஊர் என்ன சொல்லும், அவளை அனுசரித்துப் போகச் சொல்லுங்கள், நீங்கள் அப்பாவாக லட்சணமாக நாலு வார்த்தை சொல்ல மாட்டீர்களா என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை. நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்தேன்.

செண்பகம் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பேசியது முழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கும். கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டிருந்தாள்.

தட்டை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். இந்த வயதில் ஒரு கேள்வி கேட்க இவ்வளவு பாடு.

"செண்பகம், இங்கன உக்காரு. என்னட்டி ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லு."

அவள் உடனே உட்காரவில்லை. நான் விளையாட்டுக்குக் கேட்கிறேனா என்று பார்க்கிற மாதிரி நின்றாள்.

"பெரிய கதைப்பா. எவ்வளவு நேரம் இருக்கு ஒங்களுக்கு?"

"ஜூலை கடைசி வரைக்கும் விசா இருக்கு" என்றேன்.

உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் எனக்குப் புரியவில்லை, நிறுத்திக் கேட்டேன். கேட்கக் கேட்க அவளுக்கு வேகம் வந்தது.

அவள் சொன்னது எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அது என்னிடம் சொன்னது.